ஆறு எழுத்தில் தொடங்கும் ஆங்கிலம்

ஆண்டுதோறும் ஜூன் மாதம் இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் ஒரு விசித்திரமான தேர்வு நடக்கிறது. எழுதுபவர்கள் ஆறு வயதுக் குழந்தைகள். எழுதுவது என்றுகூடச் சொல்லக் கூடாது, வாய்விட்டுப் படிப்பதுதான். குழந்தை ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து 40 சொற்களை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். அவற்றில் 20 சொற்களுக்கு அர்த்தமே கிடையாது. எந்த அகராதியிலும் இல்லாத, தேர்வுக்காகவே இட்டுக்கட்டிய சொற்கள். ஒவ்வொரு பொய்ச் சொல்லின் பக்கத்திலும் ஒரு வேற்றுக்கிரகப் பிராணியின் படம் இருக்கும். மூன்று கண், நீல வால் என்று ஏதாவது ஒன்று. அந்தச் சொல் அந்தப் பிராணியின் பெயர் என்று குழந்தையிடம் சொல்லிவிடுகிறார்கள்.

இல்லாத சொல்லை எதற்குப் படிக்கச் சொல்ல வேண்டும்? தெரிந்த சொல்லைக் குழந்தை உருவத்தை வைத்தே ஒப்பித்துவிடலாம். படத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம். உலகத்தில் இதுவரை யாரும் சொல்லியிராத ஒரு சொல்லை அப்படிச் சொல்ல முடியாது. எழுத்தைப் பார்த்து, ஒலியை வரவழைத்து, ஒலிகளைக் கோத்தால் மட்டுமே அது வாயில் வரும். குழந்தைக்கு உண்மையிலேயே படிக்கத் தெரிகிறதா என்பதை ஐந்து பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கும் கெட்டிக்காரத்தனமான வழி இது. 2012-இல் இத்தேர்வு தொடங்கியபோது 58 விழுக்காடு குழந்தைகள் எதிர்பார்த்த அளவை எட்டினார்கள். 2019-இல் அது 82 விழுக்காடு.

இடைப்பட்ட ஆண்டுகளில் குழந்தைகள் மாறிவிடவில்லை. சொல்லிக்கொடுக்கும் முறை சீரானது. அந்த முறைக்குள் எவ்வளவு நுட்பம் ஒளிந்திருக்கிறது என்று பார்த்தால் வியப்பு தாளாது.

முதலில் ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும். பேசுவது மனிதனுக்கு இயல்பாக வருகிறது, படிப்பது வருவதில்லை. மனித இனம் தோன்றி ஏறத்தாழ மூன்று லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. எழுத்து பிறந்து ஐயாயிரம் ஆண்டுகள்தான். மனித வரலாற்றை ஒரு நாளாகச் சுருக்கினால், இரவு 11 மணி 36 நிமிடம் வரை எழுத்தே இல்லை. கடைசி 24 நிமிடத்தில் வந்த ஒரு கண்டுபிடிப்புக்காக மூளையில் தனி உறுப்பு முளைத்திருக்க வாய்ப்பில்லை. அம்மா பேசுவதைக் கேட்டே குழந்தை பேசக் கற்றுக்கொள்கிறது. அம்மா செய்தித்தாள் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் படிப்பு வந்துவிடாது. யாராவது சொல்லித்தர வேண்டும்.

சொல்லித்தருவதில் என்ன சிரமம் என்பது தெரிய வந்ததே ஒரு தோல்வியின் வழியாகத்தான். இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காகப் படிக்கும் கருவி ஒன்றைச் செய்ய அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகம் 1940-களில் முயன்றது. ஃபிராங்க்ளின் கூப்பர், ஆல்வின் லிபர்மன் ஆகியோர் அந்தக் குழுவில் இருந்தார்கள். யோசனை எளிமையானது. அச்சில் உள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தனி ஓசை. எழுத்துகளை வரிசையாகக் கருவி ஒலித்தால், பழகப் பழகக் காது சொல்லாகப் புரிந்துகொள்ளும். நடந்ததோ வேறு. வேகத்தைக் கூட்டியதும் ஓசைகள் ஒன்றோடொன்று கலந்து வெறும் இரைச்சலாகிவிட்டன. பேச்சில் நொடிக்குப் பத்துப் பதினைந்து ஒலிகளை அலட்டிக்கொள்ளாமல் புரிந்துகொள்ளும் அதே காது, கருவியின் ஓசையில் அதில் ஒரு பங்கைக்கூடத் தாங்கவில்லை.

ஏன் என்று தோண்டியவர்களுக்குப் பெரிய புதையல் கிடைத்தது. பேச்சில் ஒலிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதே இல்லை. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ‘கூடை’ என்று சொல்லத் தொடங்கி, முதல் ஒலி வாயைவிட்டு வெளியே வருவதற்கு முன் நிறுத்துங்கள். உதடு ஏற்கனவே குவிந்திருக்கும். ‘கீரை’ என்று சொல்லப் போனால் உதடு விரிந்திருக்கும். இரண்டிலும் முதல் ஒலி ‘க்’தான். ஆனால் பின்னால் வரப்போகும் உயிரொலி முன்பே வந்து அதற்குள் புகுந்துவிடுகிறது. குழம்பில் கரைந்த புளியும் உப்பும் போல ஒலிகள் சொல்லுக்குள் கரைந்து கிடக்கின்றன. பதிவு செய்த ஒலிநாடாவைக் கத்தரித்து ‘க்’ மட்டும் உள்ள துண்டைத் தனியே எடுக்க முடியாது.

எழுத்து கேட்பதோ, கரைந்ததைத் திரும்பப் பிரித்துக் கொடு என்று. ‘கேட்’ என்னும் பூனைச் சொல் பேச்சில் ஒரே வீச்சு, தாளில் மூன்று எழுத்து. ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்றிவிடக்கூடிய மிகச் சிறிய ஒலி அலகை மொழியியலார் ஒலியன் என்கிறார்கள். சொல்லுக்குள் ஒலியன்கள் இருப்பதைக் காது கண்டுகொள்ளும் திறனுக்கு ஒலியன் உணர்வு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். ஆல்வின் லிபர்மனின் மனைவி இசபெல் லிபர்மன் 1974-இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. சிறு குழந்தைகளின் கையில் ஒரு மரக்குச்சியைக் கொடுத்தார். ஒரு சொல்லில் எத்தனை ஒலியன் இருக்கிறதோ அத்தனை முறை மேசையில் தட்ட வேண்டும். நான்கு வயதுக் குழந்தைகளில் ஒருவர்கூடத் தேறவில்லை. ஐந்து வயதில் 17 விழுக்காடு. ஆறு வயதில் 70 விழுக்காடு. அதே சொல்லை அசை அசையாகத் தட்டச் சொன்னபோது நான்கு வயதிலேயே கிட்டத்தட்டப் பாதிப் பேர் சரியாகத் தட்டினார்கள்.

வயது ஏறினால் இது தானாக வந்துவிடும் என்றுதான் இதைப் பார்த்தால் தோன்றும். ஆனால் 1979-இல் ஹோசே மொராய்ஸ் குழுவினர் போர்ச்சுக்கலில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களிடம் போனார்கள். ஒரு சொல்லின் முதல் ஒலியை நீக்கிவிட்டு மிச்சத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். வீட்டையும் நிலத்தையும் திறமையாக நிர்வகித்து வாழ்ந்த அந்த மனிதர்களால் பெரும்பாலும் சொல்ல முடியவில்லை. அதே ஊர்ப்பக்கம், அதே வாழ்க்கை, ஆனால் வளர்ந்தபின் எழுத்துக் கற்றவர்கள் சொன்னார்கள். ஆறு வயதில் காது திறந்ததற்குக் காரணம் வயது அல்ல, பள்ளிக்கூடம். எழுத்துதான் காதுக்கு ஒலியனைக் காட்டிக்கொடுக்கிறது.

சொல்லுக்குள் கரைந்திருக்கும் ஒலியனைக் குழந்தைக்குக் காட்ட ரஷ்ய உளவியலாளர் டேனியல் எல்கோனின் ஓர் எளிய கருவி தந்தார். தாளில் அடுத்தடுத்துச் சில கட்டங்கள். கீழே சில பொத்தான்கள். ‘பால்’ என்று ஆசிரியர் இழுத்துச் சொல்கிறார். குழந்தை ‘ப்’ என்று சொல்லி ஒரு பொத்தானை முதல் கட்டத்துக்குத் தள்ளுகிறது. ‘ஆ’ என்று இழுத்துக்கொண்டே இரண்டாவதைத் தள்ளுகிறது. ‘ல்’ என்று மூன்றாவது. கண்ணுக்குத் தெரியாத ஒலி, விரலால் நகர்த்தக்கூடிய பொருளாகிவிட்டது. எழுத்தே தெரியாத குழந்தையும் இதைச் செய்யலாம். பின்னர் ஒருநாள் பொத்தானுக்குப் பதிலாக எழுத்து அட்டையை வைத்தால் போதும், படிப்பு தொடங்கிவிடுகிறது.

இந்த இடத்தில் நம் வீடுகளில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். மூன்று வயதில் ‘ஏ, பி, சி, டி’ பாட்டு. நான்கு வயதில் ‘ஏ ஃபார் ஆப்பிள்’. குழந்தை 26-ஐயும் மூச்சுவிடாமல் சொல்கிறது, நமக்கும் பெருமையாக இருக்கிறது. ஆனால் அது சொல்வது எழுத்தின் பெயர். படிப்பதற்கு வேண்டியது எழுத்தின் ஒலி. ‘சீ, ஏ, டீ’ என்று எத்தனை முறை வேகமாகச் சொன்னாலும் ‘கேட்’ வராது. ‘டபிள்யூ’ என்ற பெயருக்குள் அந்த எழுத்தின் ஒலியே இல்லை. ‘ஒய்’ எழுத்தின் பெயரை ஆங்கிலேயர் தொடங்குவது டபிள்யூவின் ஒலியில். பெயரை மட்டும் படித்த ஆங்கிலக் குழந்தைகள், டபிள்யூவில் தொடங்க வேண்டிய சொற்களை ‘ஒய்’ போட்டு எழுதுவதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். குழந்தையின் தர்க்கத்தில் பிழையே இல்லை. பெயரை நம்பியதுதான் தவறாகப் போயிற்று.

ஒலியை முதலில் வைத்து, எழுத்தை அதற்குக் குறியாகக் கற்பிப்பதே ஃபோனிக்ஸ். அதன் தொடக்கமே ஒரு விந்தை. ஏ-யில் தொடங்கி இசட்டில் முடிப்பதில்லை. இங்கிலாந்தின் லோஸ்டாஃப்ட் என்னும் கடலோர ஊரில் ஆசிரியைகளாக இருந்த சூ லாய்டும் சாரா வெர்ன்ஹாமும் உருவாக்கி 1992-இல் வெளிவந்த ‘ஜாலி ஃபோனிக்ஸ்’ முறையில் முதல் ஆறு எழுத்துகள் எஸ், ஏ, டீ, ஐ, பீ, என். இவற்றை இப்படிப் பொறுக்கியதில் கணக்கு இருக்கிறது. ஆறும் அடிக்கடி வருபவை. உருவத்தில் ஒன்றுக்கொன்று குழப்பாதவை. எஸ், என் இரண்டின் ஒலிகளையும் ‘ஸ்ஸ்ஸ்’, ‘ன்ன்ன்’ என்று மூச்சு உள்ளவரை இழுக்கலாம். இழுத்தால் அடுத்த ஒலியோடு ஒட்டுவது எளிது. எல்லாவற்றையும்விட, ஆறு எழுத்து முடிந்த அன்றே பின், டின், பேன், சிட், டிப், ஆன்ட், ஸ்பின் என்று டஜன்கணக்கான சொற்களைக் குழந்தை தானே படிக்கலாம். ஏ முதல் எஃப் வரை வரிசையாக ஆறு எழுத்து கற்ற குழந்தைக்கு இவ்வளவு கிடைக்காது.

ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு சைகையும் உண்டு. எஸ் என்றால் கையைப் பாம்பாக நெளித்து ‘ஸ்ஸ்ஸ்’. டீ என்றால் டென்னிஸ் ஆட்டம் பார்ப்பவர்போல் தலையை இடமும் வலமும் திருப்பி ‘ட், ட்’. பீ என்றால் விரலை மெழுகுவத்தியாக நிறுத்தி ‘ப், ப்’ என்று ஊதி அணைப்பது. என் என்றால் இரண்டு கையையும் விரித்து விமானமாகி ‘ன்ன்ன்’. ஒரு நாளைக்கு ஓர் ஒலி என்று போனால் ஒன்பது வாரத்தில் 42 ஒலிகளும் முடிந்துவிடும். வயிறு வலப்பக்கம் பார்க்கும் சின்ன ‘பி’யும், இடப்பக்கம் பார்க்கும் சின்ன ‘டி’யும் வெவ்வேறு வாரத்தில் வருமாறு தள்ளி வைத்திருக்கிறார்கள். அதன் காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

ஃபோனிக்ஸ் ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் பயிற்சியில் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்ப வலியுறுத்துவார்கள். ‘ப்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘ப’ என்று சொல்லிவிடாதீர்கள். ‘ப-இ-ன’ என்று கோத்தால் ‘பின்’ கிடைக்காது. ஆங்கில எழுத்துக்கு இதைக் காட்டிக்கொடுக்க வழியில்லை. நம்மிடம் இருக்கிறது, மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளி. ‘ப்’ வேறு, ‘ப’ வேறு என்று எழுத்திலேயே பிரித்துக் காட்டும் மொழி தமிழ். ‘க்’கும் ‘அ’வும் சேர்ந்தால் ‘க’ என்று ஒன்றாம் வகுப்பில் படிக்கிறோமே, அது ஒலிக்கூட்டல்தான். உயிர்மெய் அட்டவணையைப் புரிந்துகொண்ட தமிழ்க் குழந்தை, ஆங்கில ஃபோனிக்ஸின் கடினமான பாதியை ஏற்கனவே செய்து முடித்திருக்கிறது. நம் ஆங்கில வகுப்புகளில் யாரும் இதை எடுத்துப் பயன்படுத்திக்கொள்வதில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

மீதிப் பாதி ஆங்கிலத்தின் எழுத்துக்கூட்டல். ஒலியன்கள் ஏறத்தாழ 44, எழுத்துகள் 26. பற்றாக்குறையை ஈடுகட்ட எழுத்துகள் கூட்டணி சேர்கின்றன. ஓ, யூ, ஜி, எச் என்னும் ஒரே நான்கெழுத்துக் கூட்டணி, இருமலில் ‘காஃப்’ ஆகிறது, முரட்டுத்தனத்தில் ‘ரஃப்’ ஆகிறது, ‘த்ரூ’வில் ‘ஊ’ ஆகிறது, ‘தோ’வில் ‘ஓ’ ஆகிறது. குதிரை வீரனைக் குறிக்கும் ‘நைட்’டில் ஆறு எழுத்து, ஒலி மூன்று. இது யாரோ கிறுக்குத்தனமாகச் செய்தது இல்லை. 14-ஆம் நூற்றாண்டில் அந்த ஆறு எழுத்தும் வேலை செய்தன, முதலில் வரும் ‘க்’ உட்பட. 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்துக்கு அச்சகத்தைக் கொண்டுவந்தார். எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல அச்சில் உறையத் தொடங்கியது. அதே நூற்றாண்டுகளில் பேச்சோ தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது, நெடில் உயிர்கள் எல்லாம் இடம்பெயர்ந்தன. நாக்கு ஒரு பக்கம் போக, அச்சு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. இன்றைய குழந்தை படிப்பது பல சொற்களில் ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய உச்சரிப்பை.

அந்தப் பழைய உச்சரிப்பின் மிச்சம் ஒன்று இன்றும் உயிரோடு வேலை செய்கிறது. ‘பின்’ என்ற சொல்லின் கடைசியில் ஓர் ‘ஈ’ எழுத்தை ஒட்டுங்கள், ‘பைன்’ ஆகிவிடும். ‘கிட்’ ‘கைட்’ ஆகும், ‘ஹாப்’ ‘ஹோப்’ ஆகும். ஒட்டிய எழுத்து வாயே திறப்பதில்லை, ஆனால் இரண்டு எழுத்து தள்ளியிருக்கும் உயிரை மாற்றிவிடுகிறது. ஆங்கில வகுப்புகளில் அதை மந்திர ‘ஈ’ என்பார்கள். ஒரு காலத்தில் அதுவும் வாய்விட்டு ஒலித்த எழுத்துதான்.

இந்தச் சிக்கலுக்கு என்ன விலை? 2003-இல் ஃபிலிப் சீமோர் குழுவினர் 13 ஐரோப்பிய மொழிகளில் முதல் வகுப்புக் குழந்தைகளைச் சோதித்தார்கள். எழுத்தும் ஒலியும் கச்சிதமாகப் பொருந்தும் ஃபின்லாந்து மொழியில் முதலாண்டு முடிவில் பழகிய சொற்களில் 98 விழுக்காட்டைக் குழந்தைகள் சரியாகப் படித்தார்கள். ஸ்காட்லாந்தில் ஆங்கிலம் படித்த குழந்தைகள் முதலாண்டு முடிவில் படித்தது 34 விழுக்காடு, அடுத்த ஆண்டு 76. ஸ்காட்லாந்துக் குழந்தைகள் பள்ளிக்கு வரும் வயது குறைவு என்பது உண்மை. ஆனால் இடைவெளி முழுவதையும் அது விளக்கிவிடாது.

எழுத்தையே மாற்றிவிட்டால் என்ன என்று ஒருவர் கிளம்பினார். சுருக்கெழுத்து கண்ட ஐசக் பிட்மனின் பேரன் ஜேம்ஸ் பிட்மன். ஒலிக்கு ஒன்று என்று 44 எழுத்துகள் அமைத்து, 1961 முதல் பிரிட்டிஷ் பள்ளிகளில் சோதித்தார். குழந்தைகள் மளமளவென்று படித்தார்கள். ஏழு வயதில் வழக்கமான எழுத்துக்கு மாற வேண்டி வந்தபோது பலர் தடுமாறினார்கள். திட்டம் மெல்ல மறைந்தது. அடுத்த தலைமுறை வேறு வழியைப் பிடித்தது. எழுத்தை மாற்றாமல், கற்பிக்கும் வரிசையை மாற்றுவது. முதலில் ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்று நேர்மையான சொற்கள் மட்டும். பிறகு இரண்டு எழுத்துக் கூட்டணிகள். பிறகு மந்திர ‘ஈ’. முரண்டு பிடிக்கும் சொற்கள் ஒவ்வொன்றாகக் கடைசியில்.

ஆங்கிலத்தில் முரண்டு பிடிப்பவைதான் அதிகம் என்று நாம் நினைக்கிறோம். 1966-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் பால் ஹன்னா குழுவினர் 17,000-க்கு மேற்பட்ட சொற்களின் ஒலிகளைக் கணினிக்குக் கொடுத்து, விதிகளை மட்டும் வைத்து எழுத்துக்கூட்டச் சொன்னார்கள். ஏறத்தாழப் பாதியைக் கணினி முழுச் சரியாக எழுதியது. இன்னும் 37 விழுக்காட்டில் ஒரே ஒரு பிழை. ஆங்கிலம் நாம் திட்டும் அளவுக்குக் கெட்டதில்லை.

இவ்வளவு தெரிந்தும், ஆங்கில நாடுகளிலேயே நெடுங்காலம் இன்னொரு முறை கொடிகட்டிப் பறந்தது. சொல்லை முழு உருவமாகப் பார்த்து நினைவில் வைக்க வேண்டும், தெரியாவிட்டால் படத்தையும் கதையையும் வைத்து ஊகிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அமெரிக்காவில் ருடால்ஃப் ஃப்ளெஷ் 1955-இல் இதைக் கடுமையாகத் தாக்கிப் புத்தகம் எழுதினார். அந்தக் காலத்துப் பாடநூல்கள் ஒரே சொல்லை அலுக்க அலுக்கத் திருப்பிச் சொல்பவை. அந்தச் சலிப்புக்கு மாற்றாகப் பிறந்த நூல்தான் டாக்டர் சூஸின் ‘தி கேட் இன் தி ஹேட்’. 1957-இல் வெளிவந்த அந்த முழுக் கதையையும் 236 சொற்களில் அவர் முடித்தார். 50 சொற்களில் ஒரு புத்தகம் எழுத முடியாது என்று பதிப்பாளர் பென்னட் செர்ஃப் 50 டாலர் பந்தயம் கட்ட, ‘கிரீன் எக்ஸ் அண்ட் ஹேம்’ பிறந்தது. மொத்தம் 50 சொல், அதில் 49 ஓரசைச் சொல். எதுகை பிசகாமல், கதையும் கெடாமல் இதைச் செய்தது அசாத்தியமான தொழில்திறமை.

ஊகிக்கும் முறையின் ஓட்டை 1984-இல் ஓர் எளிய சோதனையில் தெரிந்தது. பள்ளிக்குப் போகாத சிறு குழந்தைகள் கடைப் பலகைகளையும் குளிர்பானப் பெயர்களையும் ‘படிப்பதை’ நாம் பார்த்திருக்கிறோம். லின்னியா ஏரி குழுவினர் அப்படிப்பட்ட குழந்தைகளிடம் பெப்சியின் பெயர்ப்படத்தைக் காட்டினார்கள், முதல் எழுத்தை மட்டும் மாற்றி, ‘எக்ஸெப்சி’ என்று. பெரும்பாலான குழந்தைகள் எதையும் கவனிக்காமல் ‘பெப்சி’ என்றே சொன்னார்கள். அவர்கள் பார்த்தது நிறத்தையும் வடிவத்தையும்தான், எழுத்தை இல்லை. தேர்ந்த வாசகர்களோ ஊகிப்பதே கிடையாது என்பதைக் கண்ணசைவுக் கருவிகள் காட்டின. கண் வரியில் வழுக்கிக்கொண்டு போவதில்லை, நொடிக்கு மூன்று நான்கு முறை தாவித் தாவி, பெரும்பாலான சொற்களில் நின்று எழுத்தைப் பார்த்துவிட்டே நகர்கிறது. அதிகம் ஊகிப்பவர்கள் படிப்பில் பின்தங்கியவர்களே. 2000-இல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழுவும், 2006-இல் இங்கிலாந்தில் ஜிம் ரோஸ் தலைமையிலான ஆய்வும் முறையான ஃபோனிக்ஸைப் பரிந்துரைத்தன.

ஊகிக்காமல் இவ்வளவு வேகம் எப்படி வருகிறது? ஆங்கிலம் படிக்கும் பெரியவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 240 சொல் படிக்கிறார், நொடிக்கு நான்கு. விடை இடது காதுக்குப் பின்புறம், மூளையின் அடிப்பகுதியில் இருக்கிறது. பிரெஞ்சு ஆய்வாளர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் பிரேசிலையும் போர்ச்சுக்கலையும் சேர்ந்த 63 பெரியவர்களின் மூளையைப் படம்பிடித்தார். படிக்காதவர், வளர்ந்தபின் படித்தவர், சிறுவயதில் படித்தவர் என்று மூன்று வகை. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பகுதியில் ஒரு சின்ன மூலையை எழுத்து தனக்கென்று எடுத்துக்கொள்வது அதில் தெரிந்தது. ஆங்கிலமோ சீனமோ, படிப்பவர் மூளையில் எழுத்து குடியேறும் இடம் ஏறத்தாழ ஒன்றே.

பழைய குடித்தனத்தின் பழக்கம் ஒன்று அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. புலி இடமிருந்து வந்தாலும் வலமிருந்து வந்தாலும் புலிதான். திசையைப் பொருட்படுத்தாதே என்று அந்தப் பகுதி லட்சக்கணக்கான ஆண்டுகளாகப் பழகிவிட்டது. எழுத்தில் திசை மாறினால் ‘பி’ ‘டி’யாகிவிடும். ஐந்து வயதுக் குழந்தை இரண்டையும் மாற்றி எழுதுவது கவனக்குறைவால் அல்ல, சோம்பலாலும் அல்ல. மூளை தன் பழைய பாடத்தை மறந்துகொண்டிருக்கிறது. அதற்கு அவகாசம் கொடுக்கத்தான் அந்த இரண்டு எழுத்தையும் வெவ்வேறு வாரத்தில் வைத்தார்கள். இதற்காகக் குழந்தையைத் திட்டுவதோ அடிப்பதோ பெரும் அநியாயம்.

ஒரு சொல்லைக் குழந்தை ஒலி ஒலியாகக் கோத்துச் சில தடவை படித்துவிட்டால், எழுத்து வரிசையும் ஒலி வரிசையும் பொருளும் மூளைக்குள் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. பிறகு அந்தச் சொல்லைக் கோத்துப் படிக்கத் தேவையே இல்லை, பார்த்ததும் தெரியும். இதை விளக்கியவரும் லின்னியா ஏரிதான். இன்னும் வியப்பானதை 1995-இல் டேவிட் ஷேர் எடுத்துச் சொன்னார். கோக்கத் தெரிந்த குழந்தை தனக்குத் தானே ஆசிரியர் ஆகிவிடுகிறது. வகுப்பில் சொல்லித்தராத ஆயிரக்கணக்கான சொற்களைக் கதைப் புத்தகங்களிலிருந்து தானே சேர்த்துக்கொள்கிறது.

இத்தனைக்கும் பிறகு, ஃபோனிக்ஸ் மட்டும் போதுமா என்றால் போதாது. ஸ்காட்லாந்தின் கிளாக்மனன்ஷயர் பகுதியில் ரோனா ஜான்ஸ்டனும் ஜாய்ஸ் வாட்சனும் ஏறத்தாழ 300 குழந்தைகளை ஏழாண்டு தொடர்ந்து கவனித்து 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். ஃபோனிக்ஸ் வழி படித்த அந்தக் குழந்தைகள் சொற்களைப் படிப்பதில் வயதுக்குரிய அளவைவிட மூன்றரை ஆண்டு முன்னால் இருந்தார்கள். பொருள் புரிந்துகொள்வதில் மூன்றரை மாதம்தான் முன்னால். ஃபிலிப் கஃப், வில்லியம் டன்மர் இருவரும் 1986-இல் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதிவிட்டார்கள். எழுத்தைப் படிக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது வாசிப்பு. பெருக்கல் என்பதால், ஒன்று சுழியமானால் விடையும் சுழியம்.

நம் குழந்தைகளுக்கு அந்த இரண்டாவது எண்தான் சிக்கல். லண்டனில் ஐந்து வயதுக் குழந்தை ‘டின்’ என்று கோத்து முடித்ததும் தகரப் பெட்டி மனத்தில் வந்துவிடும், ஆயிரக்கணக்கான சொற்கள் காதில் ஏற்கனவே இருக்கின்றன. ஆங்கிலம் கேட்டே பழகாத குழந்தை அழகாகக் கோத்துவிட்டுத் திகைத்து நிற்கும். அதனால் எழுத்துக்கு முன்பும் எழுத்தோடு சேர்த்தும் பேச்சு வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960-களில் வகுத்த முறை இதற்கு நன்றாகக் கைகொடுக்கும். ஆசிரியர் ஆங்கிலத்தில் எழுந்திரு, குதி, மூக்கைத் தொடு, கதவைத் திற என்று சொல்லிக்கொண்டே தானும் செய்வார். குழந்தைகள் பேச வேண்டியதில்லை, உடம்பால் பதில் சொன்னால் போதும். அம்மாவிடம் மொழி கற்றதும் இப்படித்தானே? ‘பாலைக் குடி’ என்றால் குடித்தோம், பேசியது அதன் பிறகு.

தமிழ்க் காதுக்கென்று சில தனி வேலைகளும் உண்டு. ‘பம்பரம்’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் ‘ப’ வேறு, நடுவில் வரும் ‘ப’ வேறு. ஆங்கிலத்தின் பீ, பி இரண்டு ஒலிகளும் நம் குழந்தையின் வாயில் ஏற்கனவே இருக்கின்றன. நம் எழுத்து அவற்றைப் பிரித்துக் காட்டாததால் காது பிரித்துக் கேட்கப் பழகவில்லை, அவ்வளவுதான். கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு இரண்டையும் சொல்லச் சொன்னால் ஒன்றில் அதிர்வு தெரியும், குழந்தைகளுக்கு இது நல்ல விளையாட்டு. ‘ஸ்கூல்’ நம் வாயில் ‘இஸ்கூல்’ ஆவதும், ‘பஸ்’ ‘பஸ்ஸு’ ஆவதும் தமிழ்ச் சொல் அமைப்பின் பழக்கம். கேலி செய்யாமல், ‘ஸ்ஸ்ஸ்கூல்’ என்று இழுத்துச் சொல்ல வைத்தால் சரியாகிவிடும்.

உங்கள் வீட்டில் நான்கைந்து வயதுக் குழந்தை இருந்தால் பேனா, நோட்டு எதுவும் இல்லாமல் இன்றே தொடங்கலாம். ‘ப்-ஆ-ல், என்ன சொல்?’ என்று தமிழிலேயே கேளுங்கள். ‘மீனில் முதல் ஒலி என்ன?’ என்று கேளுங்கள். ஒரு வாரத்தில் குழந்தை உங்களைத் திருப்பிக் கேட்கத் தொடங்கும். பிறகு எஸ் எழுத்தைக் காட்டி, ‘எஸ்’ என்று சொல்லாமல் பாம்பாக நெளிந்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று சொல்லுங்கள். ஒருநாளைக்குப் பத்து நிமிடம் போதும். தூங்கப் போகும்போது தமிழிலும் ஆங்கிலத்திலும் கதை படித்துக் காட்டுங்கள். எல்.கே.ஜி. சேர்க்கும்போது பள்ளியில் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: முதலில் எழுத்தின் பெயரைச் சொல்லித்தருகிறீர்களா, ஒலியையா?